ஏரிக்கரையில் தொடங்கும் கதையும் கோயில் சுவரில் இருக்கும் பத்திரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பொன்னியின் செல்வன்' நாவலுக்குக் கிடைத்திருக்கும் புகழ் அதன் தகுதிக்கு மீறியது என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்கியைக் குறை சொல்ல நீ யார் என்ற தொனியில் அடுத்தடுத்த வாரங்களில் வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். இரண்டு தரப்பாரும் என்றோ பள்ளியிலோ கல்லூரியிலோ படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு பேசுவதாகவே எனக்குப் பட்டது. நான் அந்த ஐந்து பாகங்களையும் தை மாதம் தொடங்கிப் போன மாதம்தான் முடித்தேன். அதுவும் மனதுக்குள் அல்ல, வாய்விட்டு, ஒரு வரி விடாமல். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வாசித்தது என் தாயாருக்காக. அம்மாவுக்கு 88 வயது. கண் நீர் அழுத்தத்தால் பார்வை போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் அந்தத் தொடர்கதை தொடங்கியபோது அம்மாவுக்கு 14 வயது. அவர்கள் தெருவுக்கே ஒரு பிரதிதான் வரும். வீடு வீடாகச் சுற்றி இவர்கள் வீட்டுக்கு வந்து சேர நான்கு நாள் ஆகுமாம். அம்மாவின் பாட்டிக்கு எழுத்து தெரியாது. பேத்திதான் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டும். 1954இல் கதை முடிகிறவரை மூன்றரை ஆண்டு அதுதான் வாராவாரம் அம்மாவின் வேலை. இப்போது அந்த வேலை எனக்கு வந்திருக்கிறது.

கல்கி ஒரு விஷயத்தைச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பது தங்கள் கட்டுரையாளரின் முதல் குற்றச்சாட்டு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் இரவு, முந்தைய அத்தியாயத்தில் நடந்ததையே அவர் மறுபடி விவரித்த ஒரு பத்தியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனேன். அம்மா கண்டுபிடித்துவிட்டார். "அதை விட்டுடாதேடா. நடுவுல ஒரு வாரம் ஆயிடுச்சே, பாட்டிக்கு மறந்திருக்கும்" என்றார். 70 ஆண்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்த பாட்டிக்காக. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாம் புத்தகமாகக் கையில் வைத்துக்கொண்டு குறை என்று சொல்கிற பல விஷயங்கள், ஏழு நாள் இடைவெளியை மனதில் வைத்துக் காதால் கேட்கிறவருக்காகச் செய்யப்பட்டவை. அவர் நடுநடுவே "நேயர்களே" என்று நம்மைக் கூப்பிட்டுப் பேசுவதும் அப்படித்தான். கண்ணால் படிக்கும்போது உறுத்தியது, வாயால் படிக்கும்போது உறுத்தவில்லை.

முதல் பாகத்தைப் பற்றி எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆடிப்பெருக்கு நாளில், இன்று வீராணம் என்று சொல்லும் வீரநாராயண ஏரிக்கரை மேல் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அந்த ஏரியின் நீள அகலத்தையும் அதிலிருந்து தண்ணீர் பாயும் கணவாய்களின் எண்ணிக்கையையும் சொல்லித்தான் கல்கி கதையைத் தொடங்குகிறார். இளைஞன், குதிரை, புதுத் தண்ணீர், கரையெல்லாம் ஜனங்கள். இரண்டு ஓலைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது மட்டும்தான் அவன் வேலை. அவ்வளவு எளிய நூலில் அவ்வளவு பெரிய ராஜ்ஜியத்தைக் கோத்துக் காட்டிய இன்னொரு தொடக்கம் தமிழில் எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். யார் பேசுகிறார் என்று சொல்லாமல் உரையாடலை மட்டும் வாசித்தேன். ஆழ்வார்க்கடியான், குந்தவை, சோதிடர், வானதி, எல்லோரையும் அம்மா குரல் பிசகாமல் சொன்னார். அரிசிலாற்றங்கரையில் பெண்களைக் காப்பாற்றப் பாய்ந்து முதலை மேல் வேலை எறிகிறானே வந்தியத்தேவன், அது செத்துப் பஞ்சடைத்த முதலை என்று தெரியும் இடத்தில் அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு அடுத்த பத்தியை வாசிக்க முடியவில்லை. கதை முன்பே தெரிந்தவர் அவர். தெரிந்த கதைக்கு அப்படிச் சிரிக்க வைப்பது சின்ன வித்தை இல்லை.

சலிப்பு மூன்றாம் பாகத்தில் தொடங்கியது. எதற்கெடுத்தாலும் ஒருவர் தூணுக்குப் பின்னாலோ, சுரங்கப்பாதையிலோ, மரத்து மறைவிலோ நின்று ஒட்டுக் கேட்கிறார். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதிக்கூட்டத்தை வந்தியத்தேவன் முதல்முறை மறைந்திருந்து பார்க்கும்போது மூச்சு நிற்கிறது. அதே உத்தி பத்தாவது முறை வரும்போது, "இப்ப யாரு ஒளிஞ்சிருக்கா?" என்று அம்மாவே கேட்கத் தொடங்கிவிட்டார். தனாதிகாரி பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினியின் பிறப்பு ரகசியமும் அப்படித்தான். ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் அதை மாற்றிச் சொல்ல, கடைசியில் எந்த விடை வந்தாலும் அவ்வளவு காத்திருப்புக்கு ஈடாகவில்லை.

நந்தினி விஷயத்தில் எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் உண்டு. அவள் வரும் இடங்களில் எல்லாம் அழகையும் விஷத்தையும் சேர்த்தே வர்ணிக்கிறார். எண்பத்தெட்டு வயதுப் பெண்மணி முன்னால் அதை உரக்கப் படிக்கையில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் கேட்டது என்ன? காயம்பட்டுக் கிடந்த ஒருவனைக் கொல்லாதே என்று சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் காலில் விழுந்தாள். அவன் கேட்கவில்லை. அவள் கண் முன்னாலேயே பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையை எடுத்தான். கதை முழுவதற்கும் அச்சாணி அந்தக் குடிசையில் நடந்த கொலைதான். கல்கிக்கும் அது தெரியும், கரிகாலன் வாயாலேயே அந்தக் குற்ற உணர்ச்சியைக் கொட்ட வைக்கிறார், அந்தப் பக்கங்கள் அபாரம். ஆனாலும் நாம் நந்தினி பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று அவளைச் சுற்றிப் பாம்பு, மோகினி என்றே வார்த்தைகளைப் போட்டுக்கொண்டு போகிறார். "அவ கேட்டதுல என்னடா தப்பு?" என்றார் அம்மா. பதினாலு வயதில் இதைக் கேட்கத் தோன்றவில்லையாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நான் பதிவுத்துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், நான்கெல்லை, வில்லங்கம் என்று பத்திரங்களுக்கு நடுவிலேயே வாழ்க்கை போனது. ஐந்தாம் பாகத்தில் வரும் கரிகாலன் கொலையில் எனக்கு மனம் ஆறவில்லை. நான்கு பாகமாக அதை நோக்கியே நம்மை அழைத்து வந்துவிட்டு, அந்த இரவில் இருட்டாக்கி, யார் கையால் இளவரசன் விழுந்தான் என்று சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. பிறகு பெரிய பழுவேட்டரையர் நானே என்கிறார். அதை எந்த அளவுக்கு நம்புவது என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆகவே அந்தக் கொலைக்கு இருக்கிற பத்திரத்தைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

பத்திரம் என்று நான் சொல்வது உடையார்குடிக் கல்வெட்டை. காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் இருக்கிறது. கதை தொடங்கும் அதே வீராணம் ஏரிக்குப் பக்கத்தில்! நாவலைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேர் ஏரிக்கரையைப் பார்த்துவிட்டு அந்தச் சுவரைப் பார்க்காமல் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அச்சில் வந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடினேன். புள்ளி கிடையாது, நடுநடுவே வடமொழிக்கான கிரந்த எழுத்து. ரவிதாஸன் என்ற பெயரை விரலால் தொடாமல் தொட்டுக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அது ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் அனுப்பிய உத்தரவு அதில் இருக்கிறது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்கிறது. அவர்களுடைய சொத்து மட்டுமல்ல, தம்பிமார், பிள்ளைகள், தாய்மாமன், சகோதரிகளைக் கட்டியவர், மகள்களைக் கட்டியவர் வரை எல்லோருடைய சொத்துமே பறிமுதல். அப்படி வந்த நிலம் விற்கப்பட்ட விவரம்தான் கல்வெட்டின் மீதி. யார் குத்தினார்கள், எந்த இடத்தில், எதற்காக என்று ஒரு சொல் இல்லை. எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். நிலம் ஏன் கைமாறியது என்ற கண்ணீர்க் கதை பத்திரத்தில் வராது.

ஆனால் ஒரு சொல் இருக்கிறது. 'ஆன' என்ற சொல். ரவிதாஸனான பஞ்சவன் பிரமாதிராஜன். பரமேஸ்வரனான இருமுடிச் சோழ பிரமாதிராஜன். இன்றைய பத்திரத்தில் 'என்கிற' என்று எழுதுகிறோமே, அதேதான். அந்த ஒரு சொல்லில் ஓர் ஆளின் அந்தஸ்து முழுவதும் வந்துவிடும் என்பது பத்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். பிரமாதிராஜன் என்பது அரசாங்கத்தில் உயர்பதவி வகித்தவர்களுக்குத் தரும் பட்டம் என்று கல்வெட்டு அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இருமுடிச் சோழ என்பது சோழர் பெயரைத் தாங்கிய பட்டம். ஆக, சுவர் காட்டுவது பட்டம் பெற்ற அதிகாரிகளை. நாவல் காட்டுவதோ காட்டிலும் பாழ் மண்டபத்திலும் ஆந்தைபோல் கத்தித் திரியும் மந்திரவாதி ரவிதாஸனை, வீரபாண்டியனுக்காகப் பழிவாங்க வந்த ஆபத்துதவிகள் என்ற மெய்க்காவல் கூட்டத்தை. உள்ளே இருந்தவர்களின் துரோகமாக இருந்திருக்கக்கூடிய ஒன்று, வெளியே இருந்து வந்த பகையாகிவிட்டது.

இன்னொன்று. கரிகாலன் இறந்தது சுமார் 970ஆம் ஆண்டு. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. நடுவில் ஆண்டவர் உத்தம சோழர். தண்டனைக்கு இவ்வளவு காலம் ஆனதைப் பார்த்துத்தான் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி போன்றவர்கள் உத்தம சோழர் மீது சந்தேகப்பட்டார்கள். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்வெட்டின் தேதி நிலம் விற்றதைச் சொல்லும் தேதிதான், தண்டனை அதற்கு முன்பே நடந்திருக்கலாம் என்ற வாதமும் நியாயமானது. பத்திரம் எழுதிய தேதி வேறு, சொத்து கைமாறிய தேதி வேறு என்பதை நானே ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி திறந்தே கிடக்கிறது. இவ்வளவு பெரிய கேள்வி கையில் கிடைத்த நாவலாசிரியர் அதை என்ன செய்தார்? உத்தம சோழரின் தாயார் செம்பியன் மாதேவியிடம் வளர்ந்த மதுராந்தகன் அவர் பிள்ளையே இல்லை என்று ஆக்கி, பூமாலை கட்டிச் சிவத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதனைக் கொண்டுவந்து உத்தம சோழன் ஆக்கிவிட்டார். கேள்வி கேட்க வேண்டிய ஆளையே மாற்றிவிட்டார்! அமுதனைப் போல ஒரு பாவமறியாத பிள்ளையிடம் யார் போய், உன் அண்ணன் மகன் கொலையில் உனக்குப் பங்கு உண்டா என்று கேட்பார்கள்?

ஐந்தாம் பாகத்தின் பெயரே 'தியாகச் சிகரம்'. கரிகாலனின் தம்பி அருள்மொழி, அதாவது பின்னாளைய ராஜராஜன், கைக்கு வந்த மகுடத்தைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுக்கிறார். இதற்குக் கல்கியிடம் ஆதாரம் உண்டு, திருவாலங்காட்டுச் செப்பேடு அப்படிச் சொல்கிறது. ஆனால் அந்தச் செப்பேடு ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்தில் வெளியானது. தகப்பனார் பற்றி மகன் தரப்பில் எழுதிய ஆவணத்தை எதிர்த்தரப்பும் கேட்காமல் நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

கற்பனைக் கதைக்குப் போய் ஆவணச் சோதனையா என்று கேட்கலாம். கல்கி தன் கதையை வரலாற்று நூல் என்று எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. நந்தினி, பூங்குழலி, மணிமேகலை, ஆழ்வார்க்கடியான் எல்லாம் அவர் படைத்தவர்கள். நான் சொல்வது அந்த நாவலுக்கு நாம் கொடுத்திருக்கும் இடத்தைப் பற்றி. என் உறவில் நன்கு படித்த பிள்ளைகள், "உத்தம சோழன் நல்லவன், அமுதன்தானே" என்கிறார்கள். ரவிதாஸன் மந்திரவாதி என்பது அவர்களுக்குச் சரித்திரம். தங்களுக்கு வந்த கடிதங்களிலேயே ஒரு வாசகர், சோழர் வரலாற்றை இதைவிட நன்றாகச் சொன்ன நூல் இல்லை என்று எழுதியிருந்தார். அந்தப் புகழ்தான் தகுதிக்கு மீறியது. அந்தப் புகழால்தான் அந்தச் சுவர் முன்னால் நான் போன அன்று என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஆவேசமாக அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பத்திரத்துல இருக்கறது மட்டும்தான் நடந்ததாடா? நீ பார்க்காத பொய்ப் பத்திரமா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. பயமுறுத்தி வாங்கிய கையெழுத்தைச் 'சுயநினைவுடனும் முழு சம்மதத்துடனும்' என்று பதிந்த பத்திரங்களைப் பார்த்தவன் நான். ராஜராஜன் துரோகி என்று சொன்னதாலேயே அந்த மூவரும் துரோகிகள் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் தரப்பைச் சொல்லும் கல் ஒன்றும் இல்லை. கல்கியாவது ரவிதாஸனுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தார், தன் அரசனுக்காகச் செய்கிறான் என்று. சுவர் அதுகூடக் கொடுக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐந்தாம் பாகம் 91 அத்தியாயங்கள். முடிச்சுகளை அவிழ்க்கும் அவசரம், விளக்கத்துக்கு மேல் விளக்கம். முதல் பாகத்தின் குதிரை இங்கே மாட்டுவண்டியாகிவிடுகிறது என்பதே என் கருத்து. ஆனால் ஊமை ராணி மந்தாகினியின் சாவு அதில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாத பெண். பேச்சும் கேட்காது. கரிகாலனின் தந்தை சுந்தர சோழர் மேல் பாய வேண்டிய வேலைத் தன் உடம்பில் தாங்கிக்கொண்டு சாகிறாள். அவளுக்கு வசனமே இல்லாததால் என் குரலுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடிச்சிட்டுப் படி, அவசரமில்லை" என்றார். நந்தினிக்குக் கொடுக்காத நியாயத்தை அவள் சாயலிலேயே இருக்கும் மந்தாகினிக்குக் கல்கி கொடுத்துவிட்டார் என்று அன்று தோன்றியது. அழகை ஆயுதமாகச் சொல்லாமல், அன்பை மட்டும் வைத்து ஒரு பெண்ணை அவரால் எழுத முடிந்திருக்கிறது.

எல்லாம் முடிந்தபின், பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்காகக் கல்கி எழுதிய முடிவுரையும் இருக்கிறது. அதையும் படிக்கச் சொன்னார் அம்மா. அவர்கள் தெருவிலிருந்துகூட ஒருவர் கடிதம் போட்டாராம், பதில் வந்ததா என்று நினைவில்லை என்றார். அதே 1954 டிசம்பரில் கல்கி காலமான செய்தியை யார் வந்து சொன்னார்கள் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

தங்கள் கட்டுரையாளருக்கு நான் சொல்வது, மூன்றாம் நான்காம் பாகங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான். ஆனால் முதல் பாகத்தில் பத்து அத்தியாயங்களை யாராவது ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, 'மிகைப்புகழ்' என்ற சொல்லை மறுபடி எழுத முடிகிறதா என்று பாருங்கள். கோபித்துக்கொண்டு கடிதம் எழுதிய அன்பர்களுக்கு: வீராணம் போகும்போது காட்டுமன்னார்கோயிலுக்கும் போய், அந்தச் சுவர் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன, உரிமைச் சிக்கல் இல்லை. ஒரு ஞாயிறு இணைப்பில் 'ஆடித்திருநாள்' என்ற அந்த முதல் அத்தியாயத்தையும், எதிர்ப்பக்கத்தில் உடையார்குடிக் கல்வெட்டின் முழு வாசகத்தையும், கல்வெட்டு அறிந்த ஒருவரின் சொற்பொருளோடு அச்சிடுங்கள். 'ஆன' என்ற சொல்லுக்கும் பொருள் போடச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இரண்டையும் ஒரே நாளில் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுத்துறை ஊழியர்